ட்ரைசூட்ல பூட்ஸ் ஒட்டினதா, சாக்ஸ் வெச்சதா: கால்ல காத்து சிக்காம இருக்க எதை எடுக்கலாம்

ஐஸ்லாந்து போறோம்னு முடிவாகி மூணு வாரம் ஆச்சு, அதுக்குள்ள எங்க வாட்ஸ்அப் க்ரூப்ல விசா, டிக்கெட் எல்லாத்தையும் விட அதிகமா ஓடுன விஷயம் பூட்ஸ் சண்டைதான். நாங்க நாலு பேர், எல்லாருமே பெங்களூர், ரெண்டு பேர் வைட்ஃபீல்ட், ஒருத்தன் ஜெயநகர், நான் அல்சூர். நாலு பேரும் டைவிங் கத்துகிட்டது பாண்டிச்சேரியிலயும் அந்தமான்லயும், அப்பறம் லாங் வீக்கெண்ட் கெடச்சா நைட் பஸ் புடிச்சு முருடேஸ்வர் போய் நேத்ராணி. அங்கெல்லாம் தண்ணி 27, 28 டிகிரி, ஒரு 3 மில்லிமீட்டர் தடிமன் வெட்சூட் போட்டாலே சிலருக்கு வேர்க்கும். இப்ப போகப்போறது சில்ஃப்ரா. வட அமெரிக்க தட்டும் யூரேசிய தட்டும் விலகி விலகி உண்டான பிளவு, திங்வெட்லிர் நேஷனல் பார்க் உள்ள இருக்கு, பனிமலை உருகி எரிமலைப் பாறை வழியா பல வருஷம் வடிகட்டி வர்ற தண்ணி, வருஷம் பூரா 2லேர்ந்து 4 டிகிரிக்குள்ளதான், நூறு மீட்டர் தாண்டி கண்ணு தெரியும்ங்கிறாங்க. வெட்சூட்டெல்லாம் அங்க வேலைக்காகாது, தண்ணியே உள்ள புகாத ட்ரைசூட்தான். ட்ரைசூட் சர்டிஃபிகேட்டோ, ட்ரைசூட்ல டைவ் பண்ண லாக்புக்கோ இல்லாம உள்ளயே விடமாட்டாங்க.

எங்க நாலு பேர்ல ட்ரைசூட் போட்டவன் நான் ஒருத்தன்தான், அதுவும் அவமானப்பட்டுப் போட்டவன் (அந்தக் கதை வருது). அதனால எல்லாரும் என்கிட்டதான் கேக்கறாங்க. ஜெயநகர் மச்சான் சொந்தமா சூட் வாங்கற மூட்ல இருக்கான், மத்த ரெண்டு பேரும் அங்க போய் வாடகைக்கு எடுத்துக்கலாம்னு. கேள்வி ஒண்ணுதான், சூட்டோடயே ஒட்டி வர்ற பூட்ஸ் நல்லதா, இல்ல சூட் கால் முனையில மெல்லிசா சாக்ஸ் மாதிரி முடிஞ்சு அதுக்கு மேல தனியா லேஸ் கட்டுற ராக்பூட்ஸ் போடுற டைப் நல்லதா.

இது செருப்புக் கடை கேள்வி மாதிரி தெரியும், ஆனா இல்ல. இது காத்து எங்க போய் உக்காருதுங்கிற கேள்வி.

வீடு கட்டுற எடத்துல கொத்தனார் ரசமட்டம் வெச்சுப் பாப்பாரே, அதுல ஒரு குமிழி இருக்கும், எந்தப் பக்கம் ஒசருதோ அந்தப் பக்கம் ஓடும். ட்ரைசூட் போட்டவன் மொத்தமா ஒரு ரசமட்டம், அவ்ளோதான். வெட்சூட்ல உடம்பை ஒட்டி கொஞ்சம் தண்ணி இருக்கும், இதுல தண்ணிக்குப் பதிலா காத்து. கீழ போகப்போக அழுத்தம் கூடி காத்து சுருங்கும், சூட் துணி மடிஞ்சு மடிஞ்சு தோலைக் கிள்ளும், மறுநாள் பாத்தா பெல்ட்டால அடிச்ச மாதிரி செவப்பு கோடு கோடா இருக்கும். அது வராம இருக்க நெஞ்சுல இருக்கற பட்டனை அமுக்கி டேங்க்லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா காத்து விடணும். மேல வர்றப்ப அதே காத்து விரியும், அதை இடது புஜத்துல இருக்கற டம்ப் வால்வு வழியா வெளிய தள்ளணும். வால்வை எவ்ளோ தெறந்து வெச்சாலும் சரி, சூட்டுலயே அந்த எடம்தான் ஒசரமா இருக்கணும், இல்லன்னா காத்து அங்க வரவே வராது. முழங்கையத் தூக்கி, மணிக்கட்டைத் தொங்கப்போட்டு, லேசா வலது பக்கம் சாஞ்சா புஸ்ஸுனு குமிழி போறது காதுக்கே கேக்கும். கையை நேரா மேல நீட்டிடாதீங்க, காத்து வால்வைத் தாண்டி விரல் பக்கம் போயிடும்.

இப்ப தலை கீழ போயி காலு மேல வந்துச்சுன்னு வைங்க. காத்து மொத்தமும் காலுக்கு ஓடும், வால்வு கீழ இருக்கு, வெளிய போக வழியே இல்ல. காலு பலூன் மாதிரி ஊதும், ஊதுனா இன்னும் தூக்கும், தூக்குனா அழுத்தம் கொறஞ்சு இன்னும் ஊதும். அந்த நேரத்துல பூட்ஸ் லூசா இருந்துச்சுன்னா பாதம் பூட்ஸை விட்டு நழுவி கணுக்கால் குழாய்க்குள்ள வந்துரும், வெளிய பூட்ஸ் சும்மா காத்தடைச்ச பையா நிக்கும், அதுல மாட்டியிருந்த ஃபின் (நீந்த உதவுற துடுப்பு) கழண்டு போகும், ஃபின் போச்சுன்னா ஒதைச்சுத் திரும்பவும் முடியாது.

இதை நான் எங்கயோ படிச்சு சொல்லல. கொவிட்டுக்கு முன்னாடி எட்டு மாசம் ஆன்சைட்ல இங்கிலாந்துல இருந்தேன், அப்ப தண்ணி நிரம்புன ஒரு பழைய கல்குவாரியில ட்ரைசூட் கோர்ஸ். என் பாதம் 7ஆம் நம்பர். வாடகை சூட் என் ஒசரத்துக்கு சரியா இருந்துச்சு, ஆனா அதுல ஒட்டியிருந்த பூட்ஸ் 9. "ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ, சரியாயிடும்"னாங்க. போட்டேன். ஏழு மீட்டர்ல ஒரு மேடை, அதுக்குக் கீழ என்னமோ பழைய வண்டி முங்கிக் கெடந்துச்சு, நம்ம புத்தி சும்மா இருக்குமா, நேத்ராணியில பவளத்துக்குள்ள மீன் பாக்கற மாதிரியே தலையக் குத்திகிட்டு எட்டிப் பாத்தேன். முதுகுல பல்லி ஊர்ற மாதிரி ஒண்ணு இடுப்பைத் தாண்டி, தொடையத் தாண்டிப் போறது தெளிவா தெரிஞ்சுது. அது காத்துன்னு மூளைக்கு எட்டறதுக்குள்ள ரெண்டு குதிகாலும் பூட்ஸுக்குள்ள ஒரு சாண் மேல ஏறிடுச்சு, ஒதைக்கறேன், பூட்ஸ் ஆடவே இல்ல, உள்ள என் காலு மட்டும் ஆடுது, பாட்டி புடவையில சுத்துன கொழந்த கால ஒதைக்குமே அது மாதிரி. வலது ஃபின் போச்சு. அடுத்து எனக்குத் தெரிஞ்சது தண்ணிக்கு மேல ரெண்டு பூட்ஸும் வானத்தப் பாத்து நிக்க, நான் கீழ தலைகீழா தொங்கறேன். கோர்ஸ் சொல்லிக் குடுத்த அம்மா வந்து என்னை நிமித்தி, ஒண்ணும் ஆகலைன்னு உறுதி பண்ணிட்டு, அப்பறம் சிரிச்சாங்க பாருங்க. ஏழு மீட்டர்ங்கறதாலயும், மூச்சை அடக்காம விட்டுகிட்டே வந்ததாலயும் தப்பிச்சேன்.

அடுத்த டைவ்ல அவங்க சொல்லிக்குடுத்தது, காலு தூக்க ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்ச அந்த நொடியே முட்டிய நெஞ்சோட சேத்துக் கட்டி மரவட்டை மாதிரி சுருண்டு, கையால தண்ணியத் தள்ளி ஒரு குட்டிக்கரணம், தலை மேல வந்த ஒடனே வால்வு. காலை நீட்டிகிட்டு ஒதைச்சா தோத்தீங்க. இதை நாலு பேரும் முதல் நாளே பத்து தடவ பண்ணிப் பாக்கணும்னு நான் க்ரூப்ல பின் பண்ணி வெச்சிருக்கேன்.

சரி, பூட்ஸுக்கு வருவோம்.

ஒட்டின பூட்ஸோட பெரிய ப்ளஸ், வேலை கம்மி. காலை விட்டா முடிஞ்சுது. சில்ஃப்ரா மாதிரி எடத்துல இது சின்ன விஷயம் இல்ல, ஏன்னா அங்க பார்க்கிங் பக்கத்துல ட்ரெஸ் மாத்திட்டு மொத்த கியரையும் முதுகுல தூக்கிகிட்டு நடந்துபோய் இரும்புப் படிக்கட்டுல எறங்கணும், முடிச்சுட்டு அதே மாதிரி இரும்புப் படி ஏறி நடந்து திரும்பணும், சரளைக்கல்லும் சமயத்துல ஐஸும் கெடக்கும், கெட்டியான ரப்பர் சோல் இருந்தா காலுக்கு நிம்மதி. வெரலு மரத்துப் போன நேரத்துல லேஸ் அவுக்கற கொடுமையும் இல்ல. மைனஸ் ஒண்ணே ஒண்ணுதான், ஆனா அது பெரிய மைனஸ்: சூட் சைஸும் பூட்ஸ் சைஸும் ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போட்டது. நம்மூர் ஆளுங்களுக்கு இது அதிகமா இடிக்கும்னு நான் நெனைக்கறேன், வயித்துக்கும் நெஞ்சுக்கும் லார்ஜ் எடுத்தா கூடவே பத்தாம் நம்பர் பூட்ஸ் வரும், பாதம் என்னமோ ஏழுதான். இந்த பூட்ஸுக்கு கணுக்கால் பக்கம் இழுத்துக்கட்ட ஒண்ணும் இருக்காது, லூசா இருந்தா இருந்ததுதான். பாதத்துக்கும் பூட்ஸுக்கும் நடுவுல இருக்கற காலி எடம் பூரா காத்துக்கு ரிசர்வேஷன் பண்ணி வெச்ச சீட்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு லிட்டர் காத்து கிட்டத்தட்ட ஒரு கிலோ தூக்கும். ஒரு பூட்ஸ்ல அரை லிட்டர் காலி எடம்னு வெச்சுகிட்டா ஒரு காலுக்கு அரைக்கிலோ. அரைக்கிலோ தானேன்னு தோணும், ஆனா அது உக்காந்திருக்கறது உடம்போட கடைசி முனையில, தராசுத் தட்டை எவ்ளோ தள்ளிக் கட்டறமோ அவ்ளோ இழுக்கற மாதிரி, நடு உடம்புல அரைக்கிலோ தெரியவே தெரியாது, கால் நுனியில தெரியும்.

சாக்ஸ் ப்ளஸ் ராக்பூட்ஸ்ல கதை வேற. சூட் கால்ல நியோப்ரீன்லயோ (நுரை ரப்பர்) லேடெக்ஸ்லயோ, இல்ல சூட் துணியிலயே ஒரு சாக்ஸ் இருக்கும், உள்ள நம்ம கம்பளி சாக்ஸ், மேல லேஸ் வெச்ச பூட்ஸ். லேஸை இறுக்கும்போதே கணுக்கால்லேர்ந்து காத்து மேல ஏறிடும், தண்ணிக்குள்ள அது திரும்பி வந்தாலும் உக்கார எடம் கம்மி. பாதம் வழுக்கிக் கழண்டு வர்ற பேச்சே இல்ல, லேஸ் கணுக்காலைப் புடிச்சிருக்கும். அதைவிட முக்கியம், பூட்ஸ் நம்பர் நம்ம இஷ்டம். சூட் லார்ஜ், பூட்ஸ் எட்டு, யாரும் கேக்க மாட்டாங்க. பூட்ஸ் தேஞ்சா பூட்ஸை மட்டும் மாத்தலாம். சூட்டைச் சுருட்டி பெட்டியில வைக்கும்போதும் காலு ரெண்டும் கல்லு மாதிரி துருத்திகிட்டு நிக்காது, காயப்போடவும் சாக்ஸை உள்ள வெளியா திருப்பிடலாம்.

ஆனா இதுலயும் இம்சை இருக்கு, இல்லாம இல்ல. பூட்ஸுக்குள்ள ஒரு பொடிக்கல்லு விழுந்தாலும் சாக்ஸை அரம் மாதிரி தேய்ச்சு ஓட்டை போட்டுரும், ஓட்டை ஊசிமுனை அளவு இருந்தாலும் 3 டிகிரி தண்ணி காலுக்குள்ள வந்தா டைவ் அவ்ளோதான், அதனால போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவயும் பூட்ஸை கவுத்துத் தட்டணும், எங்க பாட்டி செருப்புல தேள் இருக்கான்னு தட்டுற மாதிரி. லேடெக்ஸ் சாக்ஸ் நாளானா பிசுபிசுத்துப் போகும். துணி சாக்ஸ் இழுபடாது, அதனால கொஞ்சம் பெருசாத்தான் தைப்பாங்க, உள்ள மடிப்பு விழுந்து அழுத்தும். நியோப்ரீன் சாக்ஸ்தான் என் ஓட்டு, இழுத்துக் குடுக்கும், கொஞ்சம் சூடும் குடுக்கும். அப்பறம் லேஸ். காத்து வரக்கூடாதுன்னு வெறியில இறுக்கிக் கட்டுனா ரத்த ஓட்டம் நின்னு விரலு ஐஸாயிடும், எவ்ளோ தடி சாக்ஸ் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. விரலை உள்ள ஆட்ட முடியணும், குதிகால் மட்டும் எழும்பக்கூடாது. இது ரெண்டு டைப்புக்குமே பொருந்தும்.

ஒண்ணு சொல்லிடறேன், காத்தே வேணாம்னு நெனைச்சுடாதீங்க. நம்மள சூடா வெச்சிருக்கறதே அந்தக் காத்துதான், சூட்டும் உள்ள போடுற பஞ்சு அண்டர்சூட்டும் சும்மா அதைப் புடிச்சு வெக்கற வேலையத்தான் பண்ணுது. பாதத்துல சுத்தமா காத்து இல்லாம கிள்ளிப் புடிச்சா முதல்ல குளிர்றதே பாதம்தான். கொஞ்சம் இருக்கணும், ஆனா ஊர்வலம் போகக் கூடாது.

இப்ப வாடகைக்கு எடுக்கற ரெண்டு பேர் கேஸ். வாடகை சூட்ல பெரும்பாலும் ஒட்டின பூட்ஸ்தான் வரும், சாய்ஸ் நம்ம கையில இல்ல. அப்ப லூஸ் பூட்ஸை எப்படி சமாளிக்கறது, அதுக்கு நாலஞ்சு வழி ஓடுது, எல்லாம் ஒரே தரம் இல்ல.

எல்லாருக்கும் முதல்ல மனசுல வர்றது கணுக்கால் வெயிட். ஒரு காலுக்கு அரைக்கிலோ பக்கம் ஈயம், பட்டையா வரும், கட்டுனா காலு கீழ வந்துரும். வேலை செய்யும், பொய் சொல்லல. ஆனா எனக்குப் புடிக்கல. காத்து தூக்குதுன்னு ஈயம் கட்டறது, மழை ஒழுகுதுன்னு ஓட்டை அடைக்காம பக்கெட் வெக்கற கத. அந்தக் காத்து அங்கயேதான் இருக்கு, தலைகீழா போனா திரும்பவும் பலூன்தான். கூடவே ஒவ்வொரு ஒதைக்கும் அந்த ஈயத்தை ஆட்டிகிட்டே இருக்கணும், இருவது நிமிஷத்துல தொடை கெஞ்சும், காத்தும் சீக்கிரம் தீரும். முத்துக்குளிக்கற காலத்துல தூத்துக்குடிப் பக்கம் கால்ல கல்லு வெச்சு எறங்குவாங்க, ஆனா எறங்கின ஒடனே கல்லை மேல இழுத்துருவாங்க, யாரும் அதைக் கட்டிகிட்டு நீந்தல.

கெய்ட்டர்னு ஒண்ணு இருக்கு, முழங்காலுக்குக் கீழ கெண்டைக்கால சுத்தி இறுக்கிக் கட்டுற நியோப்ரீன் உறை. இது எனக்கு ஓகே, ஏன்னா இது எடத்தையே கொறைக்குது, கெண்டைக்கால் குழாய் சுருங்குனா பூட்ஸுக்குப் போற பாதையே ஒடுங்கிடும். எடையும் இல்ல, பெட்டியில எடமும் அடைக்காது. அப்பறம் கனமான ரப்பர் ஃபின்ஸ், பழைய ஜெட்ஃபின் டைப், தண்ணியில முங்கற ரகம். பிளாஸ்டிக் ஃபின்ஸ் பாதி மெதக்கும், அதை மாத்தி ரப்பர் போட்டாலே கால்ல ஈயம் கட்டுன பலன் கொஞ்சம் கெடைக்கும், ஒதைக்கவும் உதவும், ட்ரைசூட் பூட்ஸ் நொழையற அளவுக்கு வாயும் அகலம். ஆனா விமானத்துல எடை போடறப்ப அழுவீங்க. நம்ம நேத்ராணி ஃபின்ஸை மட்டும் கொண்டுவராதீங்க, அதுக்குள்ள இந்த பூட்ஸ் போகவே போகாது. ஃபின் கழண்டு போகாம இருக்க பூட்ஸ் மேல மாட்டற மூணு வளைய ரப்பர் பட்டை கெடைக்கும், சல்லிசு, ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிடலாம்.

லூஸ் பூட்ஸுக்கு எனக்குத் தெரிஞ்ச சிம்பிள் வைத்தியம் இன்சோல். இன்னொரு சாக்ஸ் போட்டா நசுங்கித்தான் போகும், கனமான ஃபெல்ட் இன்சோல் ஒண்ணு உள்ள போட்டா பாதம் மேல ஏறி பூட்ஸோட மேல்பக்கம் வந்து முட்டும், காலி எடமும் போச்சு, கீழேர்ந்து வர்ற குளிரும் போச்சு. அல்சூர் மார்க்கெட் பக்கம் ஒரு பெரியவர் செருப்பு தைக்கறாரு, அவர்கிட்ட பாதத்தைப் பேப்பர்ல வரைஞ்சு குடுத்து, ஃபெல்ட் ரெண்டு அடுக்கா வெட்டித் தரச் சொன்னேன்.

"என்னா சார், செருப்பு எங்க?"

"செருப்பு இல்லங்க, தண்ணிக்குள்ள போடறதுக்கு."

"தண்ணிக்குள்ளயா? அப்ப நனையுமே."

"நனையாதுங்க, அது நனையாத ட்ரெஸ்."

என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, "நனையாம இருக்கறதுக்கு தண்ணிக்குள்ள ஏன் சார் போறீங்க"ன்னாரு. எண்பது ரூவா. பதில் இன்னும் யோசிச்சுகிட்டு இருக்கேன்.

இத்தனையும் பண்றதுக்கு முன்னாடி காசே செலவாகாத ஒண்ணு இருக்கு, அதைத்தான் யாரும் பண்ண மாட்டாங்க: முங்கறதுக்காக இடுப்புல கட்டற ஈயத்தைக் கொறைங்க. முதல் தடவ ட்ரைசூட் போடறவன் எறங்க முடியலைன்னு ரெண்டு கிலோ, மூணு கிலோ சேத்துக் கட்டுவான். எக்ஸ்ட்ரா ரெண்டு கிலோ ஈயம்னா அதை ஈடுகட்ட எக்ஸ்ட்ரா ரெண்டு லிட்டர் காத்து எங்கயாவது போட்டே ஆகணும், அந்த ரெண்டு லிட்டர்தான் சூட்டுக்குள்ள ஓடிப் புடிச்சு விளையாடும். எறங்க முடியாததுக்குப் பாதி காரணம் ஈயம் பத்தாததே இல்ல, போடும்போதே சூட்ல காத்து நெறைய அடைஞ்சிருக்கறதுதான். தண்ணிக்குப் போறதுக்கு முன்னாடி வால்வைத் தெறந்து, குத்துக்கால் வெச்சு உக்காந்து, முட்டியக் கட்டிப் புடிச்சு, கழுத்தை இறுக்கிப் புடிச்சிருக்கற ரப்பர் பட்டையை ஒரு விரலால லேசா விலக்குனா சூட் ஏப்பம் விடும். நிஜமாவே ஏப்பம்தான். அப்பறம் எழுந்தா சூட் உடம்போட ஒட்டி, பால் ஊத்தி முடிச்ச பாக்கெட் மாதிரி இருக்கும். சில்ஃப்ரா நல்ல தண்ணி, உப்புத் தண்ணி இல்ல, அதனால கடல்ல ட்ரைசூட்டுக்கு வேணுங்கறதை விட ரெண்டு மூணு கிலோ கம்மியாவே போதும். அதே சமயம் கடைசியில டேங்க் காலியாகறப்ப அதோட எடை கொறையும், சாதா அலுமினிய டேங்க்ல நெறைச்ச காத்தே ரெண்டரை கிலோ பக்கம் வரும், அதனால வெயிட் செக் பண்றப்ப டேங்க்ல 50 பார் (கடைசியில மிஞ்சற அளவு அழுத்தம்) வெச்சுகிட்டு, அஞ்சு மீட்டர்ல வால்வு முழுசா தெறந்து மேல போகாம நிக்க முடியுதான்னு பாக்கணும். நிக்க முடிஞ்சா அதுதான் உங்க ஈயம், அதுக்கு மேல ஒரு கிராம் வேணாம்.

வைட்ஃபீல்ட் அண்ணா ஒருத்தர் க்ரூப்ல இருக்காரு, போற நாலு பேர்ல இவர் இல்ல, வேலை விஷயமா நார்வேல நாலு வருஷம் இருந்தவர், அவரும் நானும் முட்டிக்கற ஒரே எடம் பிசிடி (மெதக்கறதுக்கு காத்து ஊதற ஜாக்கெட்) விஷயம். தண்ணிக்குள்ள மெதக்கறதுக்கு சூட்ல காத்து போடறதா, பிசிடியில போடறதா? சில கோர்ஸ்ல சூட்லயே எல்லாத்தையும் பாத்துக்க, பிசிடி தண்ணிக்கு மேல மட்டும்னு சொல்லித் தராங்க, ஒரு எடத்துல மட்டும் காத்து இருந்தா ஒண்ணை மட்டும் கவனிச்சா போதும்னு. இன்னொரு கட்சி, சூட்ல கிள்ளாத அளவுக்கும் குளிராத அளவுக்கும் மட்டும் காத்து, மிச்சம் பூரா பிசிடியில.

"தம்பி, புதுசா போடறவனுக்கு ரெண்டு பட்டன் குடுத்தா ரெண்டையும் கோட்டை விடுவான், ஒண்ணு போதும்"ங்கறாரு அண்ணா.

"அண்ணா, ஒண்ணு போதும்தான், ஆனா ஈயம் சரியா இருந்தாதானே, இவனுங்க மூணு கிலோ கூட கட்டிட்டு வந்தா அந்தக் காத்து பூரா கால்லதானே போய் உக்காரும்"னு நான்.

ரெண்டு பேரும் சொல்றது சரிதான், வெயிட் சரியா இருந்தா. சில்ஃப்ரால அதிகபட்சம் 18 மீட்டர்தான், அதுலயும் பெரும்பாலும் அதைவிட மேலதான் சுத்துவோம், ஒரு டேங்க், ஈயம் கரெக்டா இருந்தா சூட் மட்டுமே போதும், அண்ணாவோட வழியிலயே போகலாம். ஈயம் கூடத்தான் இருக்குன்னா மிச்சக் காத்தை பிசிடியில வைங்க, அது ஓடாது. இன்னொண்ணு, ஆழம் கம்மின்னு அசால்ட்டா இருக்காதீங்க. முப்பது மீட்டர்லேர்ந்து இருவதுக்கு வந்தா காத்து மூணுல ஒரு பங்குதான் பெருசாகும், பத்து மீட்டர்லேர்ந்து மேல வந்தா ரெண்டு மடங்காகும், ட்ரைசூட்ல ஆட்டம் காட்டுற எடமே கடைசி பத்து மீட்டர்தான், சில்ஃப்ரா மொத்தமும் கிட்டத்தட்ட அந்தக் கடைசி பத்து மீட்டர்லதான் நடக்குது.

சூட் துணி பத்தி ஒரு வரி. நியோப்ரீன் சூட் உடம்போட ஒட்டும், காத்துக்கு எடம் கம்மி, ஆனா கனம், காய நேரமாகும். ட்ரைலாமினேட், அதாவது மூணு அடுக்கு மெல்லிசு துணி, லூசா இருக்கும், லைட், காத்து ஓட நெறைய எடம், பூட்ஸ் விஷயத்துல ரொம்ப கவனம் வேணும். வாங்கறவன் ட்ரைலாமினேட் வாங்குனா சாக்ஸ் டைப்தான் எடுக்கணும், இதுல நான் பேரம் பேச மாட்டேன்.

இப்ப வீட்டுல பண்ற டெஸ்ட். அண்ணாகிட்ட பழைய ஒட்டின பூட்ஸ் சூட் ஒண்ணு இருக்கு, போன ஞாயித்துக்கெழம ஜெயநகர் மச்சானைக் கூப்ட்டு அதை மாட்டி விட்டோம், மே மாசம், ஃபேன் ஃபுல்ல ஓடுது, அவன் இட்லி குண்டான்ல உக்காந்த மாதிரி ஆவி பறக்கறான். முதல்ல குத்துக்கால் வெச்சு உக்காரச் சொன்னோம், கவட்டைல இழுக்குதான்னு, ஏன்னா காலு நீளம் பத்தலைன்னா முட்டி மடிக்க முடியாது, அதிகமா இருந்தா பூட்ஸ் தானா கீழ எறங்கிப் பாதத்தை விட்டுரும். அப்பறம் தரையில படுத்து காலை செவுத்துல தூக்கிப் போடச் சொல்லி, அண்ணா பூட்ஸைப் புடிச்சு மெதுவா மேல இழுத்தாரு, இவன் காலை ஒதைச்சான். குதிகால் ரெண்டு விரல் அளவுக்குக் கழண்டுச்சு. ஃபெல்ட் இன்சோல் போட்டோம், ஒரு விரல். கெய்ட்டர் கட்டினோம், அசையல. கீழ் வீட்டு ஆன்ட்டி ஏதோ சத்தம்னு மேல வந்து பாத்துட்டு, ரெண்டு ஆம்பளைங்க ஒருத்தன் காலைப் புடிச்சு இழுக்கறதைப் பாத்து ஒண்ணும் பேசாம திரும்பிப் போயிட்டாங்க.

அதனால என் முடிவு இதுதான். வாடகை எடுக்கற ரெண்டு பேரும் ஒட்டின பூட்ஸோட போங்க, பூட்ஸ் நம்பரை முன்னாடியே சொல்லி வைங்க, சூட் சைஸுக்குப் பின்னால வர்றதை ஏத்துக்காதீங்க, ஃபெல்ட் இன்சோலும் கெய்ட்டரும் பெட்டியில இருக்கட்டும், கணுக்கால் வெயிட் வேணாம், ரெண்டையும் மாட்டியும் காலு தூக்குனா மட்டும் அங்கயே கேட்டு வாங்கிக்கலாம். ஒரு ட்ரிப்புக்கு ராக்பூட்ஸ் வாங்கித் தூக்கிட்டுப் போறது காசுக்கும் எடைக்கும் கட்டாது.

மச்சானுக்கு வேற. அவன் சில்ஃப்ராவோட நிக்கமாட்டான், 1919ல ஜெர்மன்காரங்க தாங்களே முங்கடிச்ச கப்பலுங்க கெடக்கற ஸ்காட்லாந்து ஸ்காப்பா ஃப்ளோ போகணும்னு இப்பவே பேசறான், அவன் நியோப்ரீன் சாக்ஸ் வெச்ச ட்ரைலாமினேட்டும் ஒரு நம்பர் பெரிய ராக்பூட்ஸும் எடுக்கட்டும், அண்டர்சூட் சாக்ஸைப் போட்டுகிட்டே பாதத்தை அளந்து சென்டிமீட்டர்ல அனுப்பச் சொல்லியிருக்கேன், நம்பர்ல அனுப்புனா நம்ம நம்பரும் ஐரோப்பா நம்பரும் குழம்பிடும். நேத்து ராத்திரி அனுப்பினான், இடது கால் 27, வலது கால் 27.8. வலது காலை வெச்சே ஆர்டர் பண்ணு, இடதுக்கு ஃபெல்ட் பெரியவர்கிட்ட வாங்கித் தரேன்னு சொல்லிட்டேன்.